ஹொலண்டிலிருந்து வந்த ஆட்டுப்பால்மா

என் மகள் பிறந்து முதல் இரண்டு மாதமும் அழுதுதான் கழித்தாள். சும்மா சிணுங்கல் இல்லை. பால் குடித்து முடித்த கையோடு கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, முகம் செக்கச்செவேலென்று மாறி, லிங்கநகர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். வயிற்றைத் தொட்டால் கல்லாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் குடித்ததில் பாதியைக் கக்கிவிட்டு, களைத்துத் தூங்கிப்போவாள்.

எனக்கு ஒப்பரேசன் காயம் புண்ணாகி, காய்ச்சலில் படுத்த படுக்கையாகிவிட்டேன். பால் நின்றுபோனது. அதனால் அவளுக்குப் போத்தல் பால்தான். அதைக் கரைத்துக் கொடுத்ததெல்லாம் என் கணவர். அவர் துறைமுகத்துக் கன்ரீனில் தேத்தண்ணி போடுகிறவர். வேலைக்குப் போகிற நேரத்துக்கும் போத்தல்களை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார். தேத்தண்ணி ஆற்றுகிற எவர்சில்வர் பேணிகள் இரண்டையும் கொதிநீரில் அவித்து எடுத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றக் கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, பாலை இழுத்து இழுத்து ஆற்றுவார். ஒரு சொட்டு கீழே சிந்தாது. கட்டிலில் கிடந்தபடி குசினிப் பக்கம் பார்த்து, எத்தனை பேருக்கு இப்படி ஒரு புருசன் வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பார்க்க வந்த சனம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஓமத்தண்ணி கொடு, வசம்பு கட்டு, கண்ணூறு கழி. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், தன் ஆட்டையே கயிற்றோடு இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்திவிட்டார்.

"ஆட்டுப்பால் குடிச்ச பிள்ளைக்கு வயிறு ஊதாது, தங்கச்சி. நான் கறந்து தாறன்."

கிளினிக்கில் கேட்டேன். அங்கிருந்த தாதி, மிசி, ஒரேயடியாக மறுத்தார். "கறந்த ஆட்டுப்பால் இந்த வயசுப் பிள்ளைக்குக் குடுக்க ஏலாது. அந்த எண்ணத்தை விடுங்கோ." பிறகு தராசைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நிறை ஏறேல்ல, அம்மா. அடுத்த கிளினிக்கிலயும் இப்பிடி எண்டால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்."

கொழும்பு! சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வழி நெடுக ஆமிக்காரர் சோதனைக்கு இறக்கி ஏற்றுவார்கள். திருகோணமலை அடையாள அட்டையோடு போகிற இளந்தாரியைச் சும்மா விடுவார்களா? என் கணவரை விசாரிக்க வேண்டும் என்று எங்கேயாவது பிடித்து வைத்தால், கத்துகிற பிள்ளையோடு நடுறோட்டில் நான் என்ன செய்வேன்? போகாமல் இருந்தாலோ, பிள்ளை என் கண் முன்னாலேயே தேய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹொலண்டில் இருக்கிற மச்சாள், என் கணவரின் தங்கை, தொலைபேசியில் பிள்ளையின் அழுகையைக் கேட்டாள். தன் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்ததென்றும், கைக்குழந்தைகளுக்கென்றே செய்த ஆட்டுப்பால்மா அங்கே கிடைக்கிறதென்றும் சொன்னாள். ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு ரின் கொடுத்தும் விட்டாள். டொக்டர் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பிறந்த பிள்ளைக்கு ஏற்றதுதான் என்று சொல்லி, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் விளக்கினார்.

எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். என் கணவர் அன்றைக்கு ஆட்டுப்பாலை இன்னும் நன்றாக இழுத்து ஆற்றினார். பிள்ளை குடித்தாள். குடித்துவிட்டு வழக்கம் போலக் கத்தினாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஆடாவது மண்ணாங்கட்டியாவது! கடல் கடந்து வந்தும் இதே கதைதானே!" என்று கத்தினேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார்.

சில நாள் கழித்து, ஒரு காலை அவர் வேலைக்குப் போன பிறகு துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. உடனே ஊரடங்கு. துறைமுகத்துக்குள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை, ஆனால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் சொன்னார். அவர் வைத்துவிட்டுப் போன பால் மத்தியானத்துக்கு முன்பே முடிந்தது. காய்ச்சல் விட்டிருந்ததால் நானே எழும்பிக் குசினிக்குப் போனேன். அந்த ஆற்றுகிற வித்தை எனக்கு வராது. ரின்னில் இருந்த எழுத்தும் விளங்கவில்லை. படங்கள் இருந்தன. ஒரு படத்தில், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே போத்தலை மெதுவாக உருட்டுகிற கை. சரி, அதையே செய்வோம் என்று, ஆறவைத்த சுடுநீரில் மாவைப் போட்டு உருட்டினேன்.

குடித்தாள். தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பம் விட்டாள். தூங்கிவிட்டாள்.

ஐயோ கடவுளே, நான் பயந்த பயம்! அழாத பிள்ளையை எனக்குப் பழக்கமில்லையே. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டேன், மெத்தென்று இருந்தது. அடுத்த போத்தலுக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும்.

மறுநாள் விடிய ஊரடங்கு எடுத்ததும் ஓடி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளைக்கு என்ன? ஏன் சத்தமில்லை?"

"நித்திரை" என்றேன். அவர் நம்பவில்லை. போய்ப் பார்த்து, சிரித்து, கை கால் கழுவி, பிள்ளை எழும்ப முதல் பால் தயார் செய்யக் குசினிக்குப் போனார். பேணிகளைத் தூக்கினார். பால் இறங்க இறங்க, மேலே நுரை பொங்கி நின்றது. கன்ரீனில் சனம் விரும்பிக் கேட்டு வாங்குகிற அதே நுரை. அத்தனை காற்றையும் அல்லவா என் பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தாள்!

"நிப்பாட்டுங்கோ!" என்றேன். "ஆத்தாதேங்கோ. இந்தப் படத்தைப் பாருங்கோ."

"தேத்தண்ணி ஆத்திறவனுக்குப் படம் காட்டிறியோ?" என்று முறைத்தார். ஆனாலும் பேணிகளைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு பிள்ளையின் பாலுக்கு அவற்றை அவர் எடுக்கவே இல்லை. ரின் இரண்டும் முடிந்து கடைப் பால்மாவுக்கு மாறியபோதும் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. மச்சாளைக் கேட்டால் எல்லாம் ஆட்டின் மகிமை என்பாள். இருக்கட்டும், பாதிப் பெருமையை அவளுடைய ஆட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு நட்டமில்லை.

அடுத்த கிளினிக்கில் தராசு முள் நகர்ந்ததைப் பார்த்து மிசி சிரித்தார். "கொழும்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வீட்டை கொண்டு போங்கோ."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் இவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி, சனத்துக்கு நடுவே, தேம்பித் தேம்பி அழுகிறார்.

"அவள் அழுததெல்லாம் என்ர கையாலதானே" என்றார். "இனிமேல் நீயே கரைச்சுக் குடு. நான் தொட மாட்டன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ!" என்று அதட்டினேன். "நான் எழும்ப ஏலாமல் கிடக்கேக்க, உந்தக் கைதானே இவளை உயிரோட வச்சிருந்தது?"

பிள்ளை பசி வந்து வாயைச் சப்பத் தொடங்கினாள். பையிலிருந்த சுடுநீர்ப் போத்தலையும் மாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, மாவைப் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக, மிக மெதுவாக உருட்டத் தொடங்கினார்.