நிற்காமல் அடித்த பாட்டு

அப்பாவின் கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டை அழைப்பொலியாகப் போட்டவள் நான்தான். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கென்றே சேர்த்த குழு எந்தக் காலத்திலோ பாடியது. தொடரை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பாட்டு மட்டும் தங்கிவிட்டது. முதல் காதலில் விழுந்தவனின் உளறல்தான் முழுவதும். வகுப்பில் ஒருவன் அதை எனக்குக் கேட்கத் தந்தான். பதினைந்து வயதில் அந்த உளறல் எனக்காகவே எழுதப்பட்டது என்று நம்பினேன். என் பழைய போனில் அது ஏறாததால் அப்பாவுடையதில் ஏற்றினேன்.

அது வன்னியில் போர் இறுகிய மாரி. அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தார். யாருடையதோ சற்றலைற் போன் இரவல் கிடைத்தால் ஒரு தரம் அடித்து நிறுத்துவார். உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். நாங்கள் எடுத்துப் பேசினால் அங்கே பற்றறி வீண். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ரொம்சோஸ் வீட்டில் அப்பா எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்: “ஒருக்கா அடிச்சா விடு. நிக்காமல் அடிச்சா ஓடிப்போய் எடு.”

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா நிலக்கீழறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுத் தொலைபேசியில், பாட்டைத் தந்த அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது மேசையில் அப்பாவின் போன் பாடத் தொடங்கியது. உன் பாட்டைக் கேள் என்று அதைத் தூக்கி ரிசீவரோடு சேர்த்துப் பிடித்தேன். பாட்டு நிற்கவில்லை. எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் வந்தபோது அவனும் மறுமுனையில் பாடினான், நான் சிரித்தேன். காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். எனக்கு அன்று காதும் இருக்கவில்லை.

அடங்கிய பிறகுதான் திரையைப் பார்த்தேன். சித்தப்பா அடிக்கும் அந்த நீண்ட எண். திருப்பித் திருப்பி அடித்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அப்பா உடுப்புக் கூடையோடு மேலே வந்தார். எண்ணைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

“எத்தினை தரம் அடிச்சது?”

“ஒருக்காத்தான் அப்பா. உடனை நிண்டிட்டுது.”

அவர் முகம் தெளிந்தது. அன்று வழக்கத்தைவிடக் கூடச் சாப்பிட்டார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிறகு அழைப்பு வரவேயில்லை. போர் முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல்களில் அவர்கள் பெயர் இல்லை. அந்தியேட்டிச் சடங்காவது செய்வோம் என்று அம்மா சொன்னபோது, உயிரோடு இருக்கிறவனுக்கோ என்று அப்பா சீறினார். ஆபத்தென்றால் தம்பி விடாமல் அடித்திருப்பான் என்பது அவர் வாதம். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நான் ஓம் என்பேன். உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். பயந்தாங்கொள்ளி நான், சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில் அந்தப் போன் பழுதாகிவிட்டது. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் புதியது வாங்கி, பெட்டியோடு என்னிடம் நீட்டினார்.

“முதல்லை அந்தப் பாட்டை ஏத்து பிள்ளை. அவன் அடிச்சா எனக்கு விளங்கவேணும்.”

ஏற்றினேன். அடித்துக் காட்டச் சொன்னார். என் போனிலிருந்து ஒரு தரம் அடித்து நிறுத்தினேன்.