கேட்டைத் திறந்துவிட்ட கிளப்

நெலிதா ஓஹேதா எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். தெருமுனையில் நாய் நின்றால் ஒரு தெரு சுற்றிப் போவாள். பரானா ஆற்றங்கரையிலேயே பிறந்தவள், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. வேலைக்கென்று தலைநகர் புவனோஸ் ஐரஸ் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டபோதுகூட, போய் நாலு வார்த்தை கேட்கத் தைரியமில்லாமல் இருந்துவிட்டாள்.

எங்கள் ரிபேரா கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடுப்பு துவைப்பது அவள் வேலை. நான் அணியின் பஸ் ஓட்டினேன்.

ரிபேரா பெரிய கோப்பை எதையும் ஜெயித்ததில்லை. ஆனால் ஆட்டக்காரர்களிடையே நல்ல பெயர் இருந்தது. கால் உடைந்தவனை இங்கே யாரும் வெளியே தள்ளமாட்டார்கள். ஒருவனுடைய அப்பா இறந்தால் அணி முழுவதும் என் பஸ்ஸில் ஏறி அடக்கத்துக்குப் போகும். பெரிய ஊர்களில் ஆடிக் களைத்தவர்கள், கடைசிக் காலத்தை நிம்மதியாக ஆடி முடிக்கலாம் என்று எங்களிடம் வருவார்கள்.

மரியாதைக்காக டான் ஃபௌஸ்தோ என்று நாங்கள் கூப்பிடும் மாட்டு வியாபாரி கிளப் தலைவரானதும் அது மாறியது. பயம் இருந்தால்தான் கால் ஓடும் என்பது அவர் எண்ணம். அவர் கைக்குள் ஒரு ரசிகர் கும்பல் இருந்தது. அதற்குத் தலைவன் எங்கள் தெருக்காரன், தோரோ என்று கூப்பிடுவோம்.

வரிசையாக நாலைந்து ஆட்டங்கள் தோற்ற சமயம், நடுக்களத்தில் ஆடும் லுசேனாவை அந்தக் கும்பல் வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கி முழங்காலில் அடித்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று கிளப் அறிவித்தது. அவன் தாங்கித் தாங்கி நடக்கும்போதே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவன் உடுப்பில் செருப்புத் தடம் பதிந்திருந்ததை நெலிதா பார்த்தாள். துவைத்து மடித்துவைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கும்பலின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வாள்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. பஸ்ஸுக்கு டயர் மாற்ற நான் வெளியே போயிருந்தேன். நடந்ததை அவளும் ஆட்டக்காரர்களும் பிறகு சொன்னார்கள்.

காவல்காரர் பாயெஸ் சலவை அறைக்குள் எட்டிப்பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

"நெலிதா, இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பு."

"ஏன்? துணி மலையாட்டம் கிடக்கு."

"கிளம்புன்னா கிளம்பேன். ஆத்துப் பக்கத்து கேட்டத் திறந்து வைக்கச் சொல்லி ஃபோன் வந்துச்சு. டான் ஃபௌஸ்தோவே பேசினாரு. பசங்களோட யாரோ 'பேச' வராங்களாம்."

நெலிதா பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அங்கிருந்து மைதானம் தெரிந்தது. பயிற்சியாளர் அன்று வரவில்லை. அவருக்கு யார் சொன்னார்களோ! ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேலிசெய்து சிரித்தபடி பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். லுசேனாவின் உடுப்பு ஞாபகம் வந்தது என்றாள் பிறகு. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"என்னக்கா, நீங்களும் ஆட வந்துட்டீங்களா? கோல்கீப்பர் இடம் காலியாத்தான் இருக்கு!" என்றான் கேப்டன் இரிகோய்.

"வாய மூடிட்டு எல்லாரும் என்கூட வாங்கடா. அவங்க வராங்க."

யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. அத்தனை பேரும் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தாழ்ப்பாள் போட்ட நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. மாற்று கோல்கீப்பர் விசும்பி அழ ஆரம்பித்தான். அந்தச் சத்தம் வெளியே போகாமலிருக்க, நெலிதா எல்லா வாஷிங் மெஷின்களையும் ஓடவிட்டாள்.

வெளியே ஆட்டக்காரர்களின் கார்க் கண்ணாடிகள் உடைந்தன. பிறகு கதவில் இரும்புக் குழாயால் தட்டினார்கள்.

"யாரு உள்ள?"

"நான்தான், நெலிதா. துவைச்சுக்கிட்டிருக்கேன்."

"பசங்க எங்க அத்தை?" தோரோவின் குரல்.

"எனக்கென்னப்பா தெரியும்? மைதானத்துல பாரு."

"கதவத் திறங்க."

அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "தண்ணி கொட்டி உடுப்பெல்லாம் நனைஞ்சு அவுத்துப் போட்டுட்டு நிக்கிறேன்டா. உங்கம்மாவோட கூட்டாளிய இந்தக் கோலத்துல பாக்கணுமா?"

"திறக்கட்டும் தல, பாத்துட்டுப் போவோம்" என்று ஒருவன் இளித்தான். பளார் என்று அறை விழும் சத்தம்.

பிறகு தோரோ கதவில் வாயை வைத்தது போல மெதுவாகப் பேசினான்.

"சரி அத்தை. ஞாயித்துக்கிழமை ஜெயிக்கச் சொல்லுங்க அவங்கள. நீங்களும் பாத்து இருங்க. தனியா இருக்கிற பொம்பளை."

ஆட்டக்காரர்கள் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் சைக்கிள்கள் போன பிறகும் வெகுநேரம் யாரும் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

ரசிகர்கள் உற்சாகப்படுத்த வந்தார்கள் என்றது கிளப். ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டோம் என்றார்கள் ஆட்டக்காரர்கள். ஊர் அவர்களைத்தான் திட்டியது. சோம்பேறிகள், கோழைகள் என்று பேச்சு. அது பொறுக்காமல் நெலிதா ஊர் வானொலிக்குப் போனாள். நான்தான் கூட்டிப்போனேன். வழியில் இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். மைக் முன்னால் உட்கார்ந்து, லுசேனாவின் உடுப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். "கேட்ட வெளியாள் உடைக்கல. நம்ம தலைவர்தான் திறந்துவிடச் சொன்னாரு" என்றாள்.

மறுநாள் அவளுக்கு வேலை போனது. அந்த வாரமே அவள் வீட்டுக் கதவுக்குத் தீ வைத்தார்கள். பக்கத்து வீட்டார் அணைத்தார்கள். அக்கா வீட்டில் போய் ஒண்டிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பேச்சு ஊரைத் தாண்டிப் போய்விட்டது. புதிதாக ஒரு முன்கள ஆட்டக்காரனைக் கோர்தோபாவிலிருந்து அழைத்தார்கள். அவன் ஃபோனில், "கேட்டத் திறந்துவிடுற கிளப்தானே நீங்க?" என்று கேட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிட்டான். இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வெளியூரில் ஆடப்போனால், "கேட்டைத் திற, கேட்டைத் திற" என்று எதிரணிக் கூட்டம் பாடும். நாங்கள் தலை குனிந்து பஸ் ஏறுவோம். அந்த வருஷமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். டான் ஃபௌஸ்தோ உடம்பு சரியில்லை என்று பதவியை விட்டார். வழக்கு எதுவும் அவர்மேல் நிற்கவில்லை.

புதிய நிர்வாகம் நெலிதாவைத் திரும்பக் கூப்பிட்டது. போனாள், வேறு பிழைப்பு தெரியாது. லுசேனாவை மைதானத்துக்கு வரவழைத்து மன்னிப்பும் கேட்டார்கள். அவன் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

போன கோடையில், மிசியோனெஸ் மாகாணத்திலிருந்து ஒரு தாய் நெலிதாவுக்கு ஃபோன் செய்தாள். மகனை ரிபேராவில் கேட்கிறார்கள், அனுப்பலாமா என்று.

"இப்ப இருக்கிறவங்க நல்லவங்கம்மா" என்றாள் நெலிதா. "ஆனா அன்னைக்கு வந்தவங்களும் இதே ஊர்லதான் இருக்காங்க. தோரோ தினமும் எனக்கு வணக்கம் சொல்றான். நானும் சொல்றேன்."

அந்தத் தாய் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். மகனை அவள் அனுப்பவில்லை. நிர்வாகிகள் நெலிதாமேல் வருத்தப்பட்டார்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்கள்.

"சொன்னேனே. கேட்டவ ஒரு அம்மாய்யா, அவகிட்ட மிச்சத்த மறைச்சு எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு அவள் துணி பிழியப் போய்விட்டாள்.