டை என்றால் கழுத்தில் கட்டுவது

நான்காம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். கடும் போட்டியைச் சொல்ல இங்கிலீஷில் என்னென்ன வார்த்தைகள் உண்டோ, அதில் ஐந்து எழுதிவர வேண்டும். அந்த வாரம்தான் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, வார்டு மெம்பர் தேர்தலில் நின்றிருந்தாள். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால், நிற்க ஆசைப்பட்ட அவள் புருஷன், எங்கள் மாமாவுக்குப் பதிலாக, ஆசையே படாத அத்தை நிற்க வேண்டியதாயிற்று.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டியிருந்த எங்கள் தெருவில் இங்கிலீஷுக்கு இருந்த ஒரே ஆள் அந்த மாமாதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர்; கிரிக்கெட் வர்ணனையை மட்டும் இங்கிலீஷில் கேட்பார். நோட்டோடு அவர் முன் போய் நின்றேன். ‘டஃப் ஃபைட்’ என்றார். ‘நெக் அண்ட் நெக்’ என்றார்.

“நெக்குன்னா கழுத்துதானே மாமா?”

“ஆமா. ரெண்டு கழுத்தும் ஒண்ணா ஓடிகினு இருக்கும். அப்புறம், கட் த்ரோட்னு எழுதிக்கோ. அதுவும் கழுத்துதான். அத்த அறுக்கறது.”

‘அதை’ என்பதை மாமா ‘அத்த’ என்றுதான் சொல்வார். எனக்கு அது தெரிந்ததுதான். ஆனாலும் அன்றைக்கு, அத்தையை அறுப்பார்கள் என்றே காதில் விழுந்தது. போட்டி என்றாலே இங்கிலீஷ்காரர்கள் ஏன் கழுத்தின்மேல் கண்ணாக இருக்கிறார்கள் என்று புரியாமல், இரண்டு நாள் அத்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தையை எதிர்த்து நின்றது எங்கள் எதிர்வீட்டு அக்கா. அம்மாவும் அவளும் ஒரே துணிக் கம்பெனியில் தைத்தார்கள். ஒரே வேனில் போய் வந்தார்கள். தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று மனுவோடு அலைந்தவள் அவள்தான். அம்மா டைபாய்டில் படுத்திருந்த மாதம் முழுக்க எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டவளும் அவள்தான். அவள் நிற்கப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அம்மா யாரிடமும் அதிகம் பேசவில்லை.

ஓட்டுப் போடும் அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். சின்னப் பிள்ளைதானே என்று உள்ளே விட்டுவிட்டார்கள். அட்டை மறைப்புக்குள் அம்மா சீட்டை விரித்தாள். அத்தைக்குப் பூட்டுச் சின்னம், எதிர்வீட்டு அக்காவுக்குக் கட்டில். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு கட்டிலில் குத்தினாள்.

“அம்மா, நம்ம பூட்டு மேல கீதும்மா!”

“உஷ்” என்றாள். முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீட்டை அவசரமாக மடித்துப் பெட்டியில் போட்டாள். பாவம், குழம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சையில் நானும் பதில் மாற்றி எழுதியவள்தானே.

ஓட்டு எண்ணிய அன்று அத்தையும் மாமாவும் எண்ணும் இடத்துக்குப் போய்விட, நாங்கள் அத்தை வீட்டு வாசலில் அப்பாவின் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் மாமாவின் குரல் ஸ்பீக்கரில் அலறியது.

“மச்சான், டை ஆயிடுச்சு மச்சான்!”

எனக்குத் தெரிந்த டை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் நீலக்கலர் டைதான். மறுபடியும் கழுத்து. “யாருக்குப்பா டை?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டு. சீட்டுக் குலுக்கிப் போடப் போறாங்க” என்ற அப்பா, சுவரில் ஓங்கிக் குத்தினார். “ஒரே ஒரு ஓட்டு! நம்ம ஊட்டு ஆளு எவனோ மாத்திக் குத்திகீறான். அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும்.”

பதில் எனக்குத் தெரியும். தெரிந்த கேள்விக்குக் கை தூக்குவது என் பழக்கம்.

“அப்பா, அம்மாதான் கட்டில்ல...”

“ஆமா, கட்டில்ல துணி கெடக்குது” என்றாள் அம்மா, மூச்சு விடாமல். “ஓடிப்போய் மடிச்சு வை. ஓடு!”

எங்கள் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் ஒரு துணியும் இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். போர்வையை உதறிப் பார்த்தேன். இல்லாத துணியை எப்படி மடிப்பது என்று தெரியாமல் நான் நின்றிருந்தபோதே எதிர்வீட்டு வாசலில் சரவெடி வெடித்தது. சீட்டு அந்த அக்காவின் பேருக்கு விழுந்திருந்தது.

அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேரே வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நிக்கவே மாட்டேன்னு சொன்னேனே அண்ணி. இப்ப அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்று விம்மினாள். அம்மாவும் அழுதாள். தோற்ற அத்தையைவிட அம்மாதான் அதிகம் அழுதாள். தெருக்காரர்கள்கூட, நாத்தனாருக்காக இப்படி அழும் அண்ணியை எங்கே பார்க்க முடியும் என்று பேசிக்கொண்டார்கள்.

அத்தை முகம் கழுவப் பின்பக்கம் போனதும் நான் அம்மாவின் காதருகே போனேன்.

“பரவால்லம்மா. நீ தெரியாமத்தானே மாத்திக் குத்தின?”

அம்மா நிமிர்ந்து என்னையே பார்த்தாள். பிறகு, “ஆமாண்டி” என்றாள்.

அந்த ஆமாவை நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.