வெட்டாத கோடு

அந்த இசைக்குழுவில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமே கிடையாது. பஸ் ஓட்டுகிறவர் ஸ்டியரிங். கணக்கு எழுதுகிறவர் பேனா. பெட்டி தூக்குகிறவர் தூக்கி. குழுவின் தலைவரை மட்டும் சின்னவர் பெரியவர் எல்லாரும் அண்ணன் என்றார்கள். அவர் பேஸ் கிடாரை மடியில் வைத்துத் தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினால், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிரும் என்பார்கள்.

அந்தக் கிடாரைப் பத்தொன்பது வருஷம் தூக்கியவர் தூக்கி. பிள்ளைத்தாய்ச்சியைக் கைப்பிடித்து இறக்குகிற மாதிரி பெட்டியை பஸ்ஸிலிருந்து இறக்குவார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். அதனால் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பெட்டி மூடியின் உள்பக்கம் துணி பிய்ந்து பலகை தெரிகிற இடத்தில், கிடார் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தச்சு பென்சிலால் ஒரு கோடு போடுவார். திரும்பி வந்து அண்ணன் வீட்டுக்குள் போய், அண்ணன் கையிலோ அண்ணி கையிலோ பெட்டியைக் கொடுத்த பிறகுதான் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுவார். வாசலில் வைத்துவிட்டு வந்தால் வெட்டமாட்டார். வேலைக்காரரிடம் கொடுத்தாலும் வெட்டமாட்டார்.

"டேய் தூக்கி, இது என்னடா, ஜெயில்ல நாள் எண்ற மாதிரி?" என்று அண்ணன் சிரிப்பார்.

"கை மாறினது நமக்குத் தெரியணும்ல அண்ணே."

கடைசிப் பயணத்தில் திரும்பி வரும்போது, ஊருக்குள் நுழைந்ததும் ஒரு தெருமுனையில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார் அண்ணன். மற்றவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீல கேட் போட்ட ஒரு வீடு. திண்டாடித் திண்டாடிப் பெட்டியைத் தானே இறக்கினார். தூக்கி பதறிப் பின்னால் ஓடினார்.

"நீ வராதே. இதை நான் ஒருத்தருக்குக் குடுக்கணும்னு நெனச்சிருக்கேன். அண்ணிக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது. உன் பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

தூக்கியின் மகளுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சலில் படுத்திருந்தாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் தலையில் செய்த சத்தியத்தைக் கடவுள் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று நம்புகிற மனிதர் அவர். சத்தியம் செய்தார். கேட்டைத் திறந்த பெண்ணின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டி வீடு போய்ச் சேரவில்லை; அதனால் கோட்டையும் வெட்டவில்லை.

நாலு நாள் கழித்து, கிடார் எங்கே என்று அண்ணி கேட்டிருக்கிறார். அடுத்த நாள் காலையில் தூக்கியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அண்ணன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா பெட்டியை பஸ்ல ஏத்தினது இவன்தான் சார்" என்றார். அதில் பொய் இல்லை. தூக்கி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டீ கிளாஸைப் பார்த்தார்.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அடிக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் "எங்கடா?" என்று கேட்டார். தூக்கிக்கு மகளின் நெற்றிச் சூடு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. வெளியே வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. சத்தியம் பலித்தது என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி தையல் ஆலையில் பொத்தான் வைக்கிறவள். அன்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எடுத்தீங்களா?"

"இல்ல."

"சரி" என்றாள். அதன் பிறகு இருபத்தாறு வருஷம் கேட்கவேயில்லை. தண்ணீர்க் குழாயடியில், "ஏய், தூக்கி பொண்டாட்டி வர்றா, குடத்தைக் கையோட புடிச்சுக்கோங்கடி" என்று ஒருத்தி சொன்னால், இவள் தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். "எம்புருஷன் சட்டைப்பையில அடுத்தவன் பீடி இருந்தாக்கூட எங்கிட்ட கேளு. உம்புருஷன் சட்டைப்பையை நீ போய்ப் பாரு, அங்கே என்னென்ன இருக்கோ!" இரண்டு ஆலையில் இவளை இந்த வாய்க்காகவே வேலையை விட்டு நிறுத்தினார்கள். மூன்றாவது இடத்திலும் இதே வாய்தான்.

வேறு எந்தக் குழுவும் தூக்கியைச் சேர்க்கவில்லை. பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். தினமும் நாற்பது பஸ். சீட்டுக்கு அடியில் பயணிகள் விட்டுப்போன குடையையும் சாப்பாட்டு டப்பாவையும் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுப்பார். "பழக்கதோஷம் போயிடுச்சா அண்ணாச்சி?" என்று அங்கே இருப்பவர் தினமும் கேட்பார். தினமும் சிரிப்பார்கள்.

அண்ணன் செத்துப்போனார். தூக்கி பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஈரத்தரையில் நின்றார். அதற்குமேல் என்ன செய்ய?

இந்த வருஷம் ஒரு நாள் டிப்போவுக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, கையில் கோப்பு. அந்தக் கிடாரை ஒரு பணக்காரர் வாங்கியிருக்கிறார். அதற்கென்று ஒரு கூடம் கட்டித் திறக்கப்போகிறார். யார் யார் கையில் இருந்து யார் யார் கைக்குப் போனது என்று புத்தகம் போடுகிறார். விசாரித்து எழுதுவது என் வேலை என்றாள்.

"கடைசியா ஒரு பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார் வச்சிருந்தார். அவருக்கு முன்னாடி ஒரு முடிவெட்டுற கடையில சுவத்துல மாட்டியிருந்தது. அதுக்கும் முன்னாடி அண்ணன். நடுவுலதான் ஒரு ஓட்டை."

போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினாள். பெட்டியின் மூடி. கோடுகள். எல்லாம் வெட்டப்பட்டவை. கடைசியாக ஒன்று மட்டும் தனியாக, மொட்டையாக நின்றது. தூக்கி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா ஐயா? திருடினவன் திருப்பிக் குடுக்கல, அதான் இதை வெட்டலன்னு."

"வீட்டுல குடுக்கலம்மா. குடுக்காததை எப்படி வெட்டுறது?"

"வெட்டியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே. ஒரு இழுப்புதானே."

"அது பொய்யாயிடும்ல."

அவள் போட்டோவைக் கோப்புக்குள் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முடிவெட்டுறவர் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டார் ஐயா. நீல கேட் வீடு அவரோட அக்கா வீடு. அண்ணன் தன் கையால கொண்டுவந்து குடுத்தாராம். அந்தம்மா இப்ப இல்ல. நீங்க எடுக்கல. எனக்குத் தெரியும்."

தூக்கி தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் படியில் உட்கார்ந்தார். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவள் தலையில் செய்த சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. இவர் வாயால் சொல்ல முடியாது. ஆனால் இன்னொருவர் வாய்க்குச் சத்தியம் இல்லையே!

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்மா. நீங்களா தெரிஞ்சுக்கிட்டதை நீங்க எழுதுங்க. எழுதுவீங்களா?"

"நடந்ததைத்தானே ஐயா எழுதணும்?" என்றாள். கிளம்பும்போது, "திறப்பு விழாவுல நீங்கதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து அண்ணி கையில குடுக்கணும். குடுத்தப்புறம் அந்தக் கோட்டை எல்லார் முன்னாடியும் வெட்டணும்" என்றாள்.

திருடனையா தூக்கக் கூப்பிடுவார்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம், "புஸ்தகத்துல எம்பேரு வருது. நல்லபடியா வருது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவள் அன்றே எதிர்வீட்டில் போய், "எழுத்துல வருதுடி, அச்சுல! இனிமே பேசு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விழாவுக்கு இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தூக்கி பெட்டியைத் தூக்கினார். இரண்டு விரல் மடங்காவிட்டாலும் மீதி விரல்களுக்கு அந்தக் கைப்பிடி தெரிந்திருந்தது. நேராக நடந்துபோய் அண்ணி கையில் கொடுத்தார். நரைத்துப்போயிருந்தார் அண்ணி. பெட்டியை வாங்குகிற சாக்கில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்த நீல கேட்டு எனக்கு அப்பவே தெரியும். வாயைத் திறக்காம இருந்தியே, அப்படியே இருந்துடு. அவ பேரு புஸ்தகத்துல வந்தா, இது அவரோட கிடார்தான்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

தூக்கிக்கு அது பாதிதான் விளங்கியது. அதற்குள் பெட்டியை வாங்கி மேடையில் திறந்து வைத்தார்கள். மூடியில் அந்த மொட்டைக் கோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கின அடியைக்கூட மறந்த நாள் உண்டு. அதை மறந்த நாள் கிடையாது. அண்ணி கையில் கொடுத்தாயிற்று. கணக்கு கணக்குதான். சட்டைப்பையிலிருந்து தச்சு பென்சிலை எடுத்தார். வீட்டிலிருந்தே சீவிக் கொண்டுவந்திருந்தார். கோட்டைக் குறுக்கே வெட்டினார்.

கூடம் முழுக்கக் கை தட்டியது. நாலாபக்கமும் போட்டோ எடுத்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விசாரித்து எழுதிய பெண் மட்டும் கோப்பைத் திறந்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தூக்கி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கடவுள் கண்ணைத் திறந்தார் என்று நினைத்தார்.

வாசலில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவி பக்கத்தைத் தேடினாள். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

"சத்தமாப் படி."

படித்தாள். "குழுவில் சுமை தூக்கிய ஒருவர் இந்தக் கிடாரைத் திருடி விற்றார். மூடியில் வெட்டப்படாமல் நிற்கும் கடைசிக் கோடு அதற்குச் சாட்சி. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவர் மனம் திருந்தி, அதே கையால் இதை அண்ணன் குடும்பத்திடம் ஒப்படைத்து, பலர் முன்னிலையில் அந்தக் கோட்டைத் தானே வெட்டுகிறார்."

மறுபடி ஒருமுறை, இப்போது வாய்க்குள்ளேயே படித்தாள். புத்தகத்தை மூடினாள். தூக்கி வாயைத் திறந்தார். மகள் தலை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"பொய்யா வெட்ற ஆளில்ல நீங்க" என்றாள். "எங்கண்ணாலதான் பார்த்தேன், வெட்டினீங்க."

கண்டக்டர் வந்தார். அவள் தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கினாள். அவர் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இதை அன்னைக்கே குடுத்திருக்கலாம்லங்க?"