டீசலுக்கு மாத்துன எங்க அண்ணன் படவு

எங்க அண்ணன் சட்டைய தொவைக்கும்போது சோப்பு நுரைக்குள்ள பெட்ரோல் வாசன வரும்... எத்தன தடவ அலசுனாலும் போவாது. வெயில்ல காய வெச்சு மடிச்சப்புறமும் லேசா அடிச்சிகினே இருக்கும்.

எங்க வூடு சூளூர்பேட்டைக்குப் பக்கத்துல, ஏரிக்கரைல. அண்ணன் பேரு முனிரத்னம். ஏரிக்கு நடுவுல கீற தீவு ஊருங்கள்லேந்து ஜனங்கள ஏத்திகினு வந்து கரைல வுடுவான். ஆஸ்பத்திரி, சந்தை, ஸ்கூலு... எல்லாத்துக்கும் அவன் படவு தான். பழைய மரப்படவு. அதுல அதவிட பழசா ஒரு பெட்ரோல் இஞ்சின்.

ஒரு நாள் காலைல... நல்லவேள, ஆளுங்க யாரும் ஏறல. பைப்பு எங்கியோ ஒழுகி, மூடி வெச்ச இஞ்சின் பெட்டிக்குள்ள பெட்ரோல் ஆவி சேந்துகினு இருந்துகீது. யாருக்கும் தெரியல. அண்ணன் ஸ்டார்ட் பண்ண கயித்த இழுத்தான்.

சத்தம் கூட பெருசா இல்ல. "புஃப்"னு ஒண்ணு... அவ்ளோதான். கரைல நின்னுகினு இருந்த நான் பாக்கறேன், நெருப்போட தண்ணில குதிக்கிறான்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரில தீக்காய வார்டு. தொடைலேந்து தோல எடுத்து தோள்ல வெச்சாங்க. பொழைச்சிட்டான். ஆனா வெரலுங்க எல்லாம் வளஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒரு டம்ளர் கூட புடிக்க முடியாது. அண்ணி தான் சோறு ஊட்டுவாங்க. அவன் வாயத் தொறந்துகினு செவுத்தப் பாத்துகினு இருப்பான்.

பெத்த புள்ள இப்டி ஆச்சேன்னு நைனா வெறுத்துட்டாரு. "அந்தப் படவ ஒடச்சு அடுப்புல வெச்சிடறேன்"னு கத்தினாரு.

அண்ணி நிதானமா சொன்னாங்க.
"வையுங்க மாமா. அப்பறம் அந்த அடுப்புல இன்னா ஏத்தப் போறீங்க?"

அண்ணி நகரிப் பக்கம், வெவசாயக் குடும்பம். அவங்கம்மா வூட்டுக் கெணத்துல கரண்ட் மோட்டர் போட்டப்புறம் பழைய டீசல் இஞ்சின் சும்மா கெடந்துச்சு. டீசல் ஆவி பெட்ரோல் மாதிரி சட்டுனு பத்தாதுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. அந்த ஒரு வார்த்தய புடிச்சிகினு, மினி லாரில போட்டு எடுத்துகினு வந்துட்டாங்க.

மாத்தறது ஒண்ணும் லேசான வேலை இல்ல. அண்ணன் ஒத்த ஆளா தூக்கி வெப்பான் பழைய இஞ்சின. இத எறக்கவே தெருவே வந்துச்சு. சூளூர்பேட்ட மெக்கானிக் சுத்தி சுத்தி பாத்துட்டு, "பருவு எக்குவம்மா... எடை ரொம்ப ஜாஸ்தி, இத படவு தாங்குமா?"ன்னாரு. அடியில இருந்த சட்டத்தலாம் புடுங்கிட்டு தடியா வேலமரச் சட்டம் போட்டாங்க. டீசல் மெதுவா சுத்தும், ஆனா இழுவ ஜாஸ்தி... அதனால தண்ணிக்குள்ள சுத்துற விசிறியயும் பெருசா மாத்துனாங்க. பின்பக்கம் அமுங்குதுன்னு முன்னாடி மணல் மூட்ட.

அண்ணி ரெண்டு கையாலயும் ஹேண்டில சுத்துனாங்க. "டக்... டக்... டக்"னு புடிச்சிகிச்சு. கருப்பா பொக. எல்லாரும் கத்துனோம். திரும்பிப் பாத்தா அண்ணன் இல்ல... வூட்டுக்குள்ள போயி கதவ சாத்திகினு இருந்தான்.

அதுக்கப்பறம் படவு ஓட்டுனது அண்ணி தான். ஊரு இன்னான்னவோ பேசுச்சு. ஏறுறவங்க ஏறுனாங்க. அண்ணன் தண்ணிப் பக்கமே வர மாட்டான்.

அந்த வருசம் மழைக்காலம். மத்தியானம். காய்ச்சல்ல கொதிக்கிற கொழந்தயோட ஒரு பொண்ண ஏத்திகினு அண்ணி வந்துகினு இருந்தாங்க. கரை கண்ணுக்குத் தெரியற தூரத்துல இஞ்சின் நின்னுபோச்சு. விசிறில யாரோ வுட்ட கிழிஞ்ச வலை சுத்திகிச்சாம். வாடக்காத்து படவ ஆழமான பக்கம் தள்ளிகினு போவுது.

பக்கத்து வூட்டுக்காரர் தன் படவ எடுக்க ஓடுனாரு. அவருதும் பெட்ரோல் தான். இழுக்கறாரு, இழுக்கறாரு... ஸ்டார்ட் ஆவல.

கதவு தொறந்த சத்தம் கேட்டுச்சு. அண்ணன் வெளிய வந்தான். நேரா ஏரிக்குள்ள நடந்தான். எங்க ஏரி அந்தப் பக்கம் இடுப்பளவு தான். அப்புறம் மாரளவு. அப்புறம் அவன் தல மட்டும் தெரிஞ்சுது.

அண்ணி கயித்த வீசுனாங்க. கையால புடிக்க முடியாதே... அக்குளுக்கடில குடுத்து, தோள்ல சுத்திகினு இழுத்தான். அண்ணியும் குதிச்சு பின்னாடிலேந்து தள்ளுனாங்க. அந்த எடைய, சேத்துல கால் பொதைய பொதைய, கரைக்கு இழுத்துகினு வந்துட்டான்.

கொழந்தய ஆட்டோல ஏத்தி அனுப்பினோம். அப்புறம் தான் பாத்தோம்... வெச்ச தோலு கயித்தோட வந்துட்டுகீது. சட்டை பூரா ரத்தம்.

"இன்னாத்துக்குய்யா வந்த?"ன்னு அண்ணி அழுதாங்க.

"நீ அங்க நின்னுட்டியே"ன்னான். அவ்ளோதான் சொன்னான்.

கொழந்த பொழைச்சிச்சு. அண்ணனுக்கு அந்தப் புண்ணு ஆறவே இல்ல. ஏரிச் சேறு உள்ள போயி சீழ் வெச்சு, காய்ச்சல் வந்து... மறுபடியும் திருப்பதி, அதே வார்டு. இந்த தடவ ஆம்புலன்ஸ்ல தான் திரும்பி வந்தான். மூஞ்ச தொடச்சு வுட்டுட்டு அண்ணி ரொம்ப நேரம் அவன் கைய மட்டும் புடிச்சிகினு இருந்தாங்க. அந்த வெரலுங்க அப்பவும் நிமிரல.

காரியம் முடிஞ்சு அண்ணி படவ எடுத்தாங்க. தீவுக்கு ரோடு போடற வரைக்கும் ஓட்டுனாங்க. அத்தன வருசத்துல ஒரு தடவ கூட நெருப்பு பத்தல.

இப்ப நான் சித்தூர்ல. அண்ணி பொண்ணு வூட்டோட திருப்பதில. போன மாசம் எல்லாரும் பறவை பாக்க ஏரிக்குப் போனோம். டூரிஸ்ட் போட்டு... எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், குஷன் சீட்டு. இஞ்சின் ஓடறதே தெரியல. பசங்க செல்ஃபி எடுத்துகினு இருந்தாங்க.

அண்ணி பறவைங்கள பாக்கல. இஞ்சின் பக்கத்துல செவப்பா ஒரு சிலிண்டர் மாட்டியிருந்துச்சு.

"இது இன்னாப்பா?"

"நெருப்ப அணைக்கறதுக்கும்மா. எல்லா போட்லயும் இருக்கும். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது"ன்னான் போட்காரன்.

அண்ணி தலையாட்டுனாங்க. அப்பறம் கரை வர்ற வரைக்கும் அது மேலயே ஒரு கைய வெச்சிகினு வந்தாங்க.