ஹரிதாஸ் பார்த்த அமிகா வானம்

என் அக்கா ரஞ்சிதத்தின் கணவர் ஹரிதாசைப் பைத்தியம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் என் முகத்துக்காகச் சொல்லாமல் விட்டார்கள். அவருக்கு ஆலையில் தேயிலை காய வைக்கும் பகுதியில் வேலை. ஷிப்ட் முடிந்தால் குளித்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டர்கள் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதுவும் ஒரே ஒரு கேம், 'கிரிம்சன் ஃபெர்ரி'. சிவப்பு ஆற்றில் படகு ஓட்டி ஆட்களை அக்கரை சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் இல்லை.

அந்தக் காலத்தில் அதை ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக எழுதி விற்றார்களாம். கேம் ஒன்று, ஆனால் மெஷினுக்கு மெஷின் வேறு மாதிரி. அவற்றை அக்கம்பக்கமாக ஓடவிட்டுப் பார்ப்பதுதான் மாமாவுக்குப் பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். யூடியூபிலும் போடுவார். போலந்தில் பார்ப்பார்கள், பிரேசிலில் பார்ப்பார்கள், எங்கள் லயத்தில் ஒரு ஆள் பார்க்காது.

"மகேன், இங்க பாரு," என்று என்னைப் பிடித்து உட்கார வைப்பார். "இந்த ஸ்பெக்ட்ரம் மெஷின்ல படகு தண்ணிய தொட்டா படகும் தண்ணி நெறமாயிரும். ஒரு சின்ன கட்டத்துல ரெண்டு கலர்தான் அதால முடியும். எம்.எஸ்.எக்ஸ்ல ஆறு ஓடாது, நொண்டும். சேகால ஆத்துல நெழலெல்லாம் விழும். கொமடோர்ல படம் கட்டகட்டயா இருக்கு, ஆனா பாட்ட கேளு, அழுதுருவ."

"நான் எதுக்கு மாமா அழுவணும்? லோரிய சர்வீசுக்கு விடணும் லா."

"எல்லாம் ஒரே கதைதான்டா. ஒவ்வொண்ணும் தன்கிட்ட இருக்கறத வச்சு சொல்லுது. எதையும் மட்டமா நெனைக்காத."

அவர் பார்க்காத மெஷின் ஒன்றே ஒன்று, அமிகா. அதில் வரும் அந்தி வானத்தைப் பற்றிப் படித்துப் படித்து ஏங்கிப் போயிருந்தார். திரையில் கோட்டுக்குக் கோடு நிறம் மாறுமாம். தானா ராத்தாவில் ஒரு துரை பங்களாவைக் காலி செய்தபோது அமிகா கிடைத்தது, ஆனால் டிஸ்க் ஓட்டும் டிரைவ் செத்துப் போயிருந்தது. அதைப் பழுது பார்க்கப் பினாங்கில் ஓர் ஆளுக்கு அனுப்பினார். ஈப்போக்காரர் ஒருவரிடமிருந்து கேம் டிஸ்க்குகள் மூன்று வாங்கி வைத்தார், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. யாராவது போட்ட வீடியோவைப் பார்த்துத் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். "பொண்ண போட்டோல பாத்துட்டா குடும்பம் நடத்துன மாரி ஆயிருமா?" என்றார்.

இதற்கிடையில் இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, அவர் கண்ணைத் தின்றது. இடது கண் முதலில் போனது. பிறகு வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்தது. ஈப்போ டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, இனி எந்த நாளும் இதுவும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது கம்போங் ராஜா தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார். கேட்டார்:

"பினாங்கு ஆளு டிரைவ செஞ்சு முடிச்சிட்டானா?"

வண்டியை ஓரங்கட்டி நாலு அறை விடலாமா என்றிருந்தது. பின்சீட்டில் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஆனால் கண் போவதற்குள் அந்த ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று அந்த மனிதர் எப்படித் தவித்தார் என்பது எனக்குத் தெரியும். பினாங்குக்கு நானே போய் டிரைவை வாங்கி வந்தேன்.

எங்கள் மலையில் பனியும் ஈரமும் எதையும் விட்டுவைக்காது. செருப்பில் பூசணம் பூக்கும், கல்யாணப் பட்டிலும் பூக்கும். அதனால் வீட்டுக்கு வீடு ஓர் அலமாரியில் பகலும் இரவும் பல்பு எரியும். அந்தச் சூட்டில்தான் சர்டிபிகேட்டும் போட்டோவும் பிழைத்துக் கிடக்கும். மாமாவின் டிஸ்க்குகளும் அங்கேதான். பல்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு, சாமி விளக்கு மாதிரி.

அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் சொல்லச் சொல்ல டிரைவை மாட்டினேன். அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே வெளிச்சம் இருந்தது. டிஸ்க்கின் தகரமூடியைத் தள்ளி, உள்ளே பூசணம் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் போட மாட்டார். அன்றும் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "சுத்தம்," என்றார்.

உள்ளே போட்டதும் கர்ர் என்று ஒரு சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதைப் போட்டார். சத்தம் இன்னும் மோசமானது. மூன்றாவதையும் போட்டார். பிறகுதான் ஒன்றை நான் வாங்கித் திறந்து பார்த்தேன். பழைய ரொட்டி போல வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் வட்டமாக உரிந்து போயிருந்தது. முதல் டிஸ்க்கின் பூசணம் டிரைவின் படிக்கும் முனையில் ஒட்டி, அடுத்த இரண்டையும் சுரண்டி எடுத்துவிட்டது.

"என்னடா?"

"பூசணம், மாமா. மூணும் போச்சு."

"பல்பு எரியுதே!"

தடவிக்கொண்டே போய்ப் பல்பைப் பிடித்தார். பழைய மஞ்சள் பல்பாக இருந்தால் கை வெந்திருக்கும். இதை எலுமிச்சம்பழத்தைப் பிடிப்பது போல் பிடித்தபடியே நின்றார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் தரும், சூடு தராது.

அந்த நேரம் பார்த்து அக்கா விபூதியோடு உள்ளே வந்தாள்.

"ரஞ்சிதம், பல்ப மாத்துனியா?"

"மழைக்கு முன்னாலயே மாத்திட்டேன். பழசு பீஸ் போயிருச்சு. ரிங்லெட்ல அந்த மஞ்ச பல்பு இப்ப வர்றதில்லயாம். இது பளிச்சுனு இருக்கு, ஒங்களுக்கும் தேடி எடுக்க சொகமா இருக்கும்னு வாங்கியாந்தேன். ஏன், என்னாச்சு?"

மாமா என் காலை மிதித்தார். "ஒண்ணுமில்ல. நல்ல வெளிச்சம். அமிகாவ பாத்துட்டேன், ரஞ்சிதம்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் டிஸ்க்குகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அன்றைக்கே வேறு டிஸ்க்குக்குச் சொல்லி வைத்தேன். அது வந்து சேர்வதற்குள் வலது கண்ணும் போனது. வேலை போனது. வந்த டிஸ்க்கை அவரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. டிரைவைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி, மெஷினோடு என் வீட்டுக்குத் தூக்கி வந்து தனியாகப் போட்டேன், அந்த வானம் வந்தது. நான் அழுதது அப்போதுதான்.

நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அந்தப் பெருமையைச் சொல்லாமல் விடமாட்டாள். "கண்ணு போறதுக்கு முன்னால ஆசப்பட்டத பாத்துட்டாரு. வானம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்களேன்." அவர் ஒரு நாள் ஆரஞ்சு என்பார், ஒரு நாள் ஊதா என்பார்.

போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பலகாரம் எடுத்து வந்த அக்கா கேட்டாள். "நீயும் கூட இருந்த இல்ல மகேன்? இவரு மாத்தி மாத்தி சொல்றாரு. நீ சொல்லு."

சொன்னேன். மேலே கருநீலம், கீழே இறங்க இறங்கச் சிவப்பு, ஆற்றைத் தொடுகிற இடத்தில் ஆலை அடுப்பின் தணல் நிறம். மாமா மூச்சை அடக்கிக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். நான் முடித்ததும், அக்கா பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டார்.

"தண்ணிலயும் அது தெரியுதாடா?" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க பாக்கவே இல்லியா?" என்றாள்.