தலைமாட்டு விளக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஓர் ஓவியர் இருந்தார். பெயர் வேண்டாம், எங்கள் ஊர் வாயில் அது நுழையாது. அவர் வரையக் கற்ற கதையைக் கைப்பேசியில் படித்துவிட்டு, அதே வழியில் நானும் கற்பது என்று எங்கள் ஊரான வடகரப்பதியில் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் நான். பிள்ளைகளுக்கு மாம்பழம் போட்டுக் காட்டிக் காட்டி, எனக்கே மாம்பழத்துக்கு மேல் ஒன்றும் வராமல் போயிருந்தது.

அந்த மனிதர் மாட்ரிட் கலைக்கூடத்தில் முதலில் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைந்தார். கை, கால், மூக்கு. பிறகு அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்தார். அதற்கப்புறம்தான் உயிருள்ள ஆளை வரைய விட்டார்கள். எங்கள் ஊரில் பிளாஸ்டர் என்றால் கால் ஒடிந்தவருக்குப் போடுவது. நான் ஆட்டுக்கல்லை வரைந்து தேறினேன். அருங்காட்சியகத்துக்குப் பதில் காலண்டர்.

கடைசியில் அவர் ரோமுக்குப் போனார். ஒரு ராணி சாகக் கிடப்பதைச் சுவர் அகலத்துக்கு வரைந்து அனுப்பி மெடல் வாங்கினார். அந்தக் காலத்தில் படத்தில் யாராவது செத்தால்தான் மெடல் போலிருக்கிறது. எனக்கு ராணி கிடைக்கவில்லை. அப்பா கிடைத்தார்.

“சும்மா படுத்துக் கெடந்தாப் போதுமா கண்ணு? அது எனக்கு நல்லா வருமே,” என்றார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான். தான் செத்தால் தன் அண்ணன் வருவாரா. பெரியப்பா வீடு அடுத்த தோட்டத்தில். வரப்பில் நின்ற ஒரு தென்னைக்காக இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தென்னை பட்டுப்போயும் பேச்சு திரும்பவில்லை. சோற்றில் கை வைத்தபடியே, “நான் போனா உங்க பெரீப்பா வருவாரா?” என்பார். வராவிட்டால் போகட்டும் என்று எரிந்து விழுவேன். மறுநாளும் கேட்பார்.

ஓணம் விடுமுறையில் ஒரு நாள் காலை, முன்கூடத்தில் கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்தேன். வெள்ளை வேட்டியை நெஞ்சு வரை போர்த்தினேன். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்து போட்டேன். ஸ்பெயின்காரர் ராணியின் தலைப்பக்கம் மெழுகுவத்தி வைத்திருந்தார். நான் குத்துவிளக்கை ஏற்றித் தலைமாட்டில் வைத்தேன். துளிகூட அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். படுத்திருப்பவர் தலைமாட்டில் விளக்கு எரிந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் அப்போது ரோமில் இருந்தேன்.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். “அய்யோ, மாமா போயிட்டாங்களே!” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். நான் தூரிகையோடு எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் சத்தம் பெரியப்பா தோட்டத்தை எட்டிவிட்டது.

பெரியப்பா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

“பெரீப்பா, அது வந்துங்க...”

“இன்னும் காலைக் கட்டலையா? ஊட்டுல ஒருத்தருக்குக்கூட வெவரம் இல்லையா?”

என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து, பிணத்துக்குக் கட்டுவதுபோல அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். முதலில் முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டார். வாய்விட்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. “பெரீப்பா...” என்று மறுபடி ஆரம்பித்தேன், அவர் காதில் விழவில்லை.

நான் சொன்ன சொல் தவறாமல் அப்பா அசையாமல் கிடந்தார். மூடிய கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

பெரியப்பா அதைப் பார்த்தார். கட்டிய விரலைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏண்டா, சாகறதக்கூட உருப்படியாச் செய்ய மாட்டியா?”

“அசையக் கூடாதுன்னு புள்ள சொல்லியிருக்குதுங்ணா,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

நான் விளக்கை அமர்த்தினேன். பெரியப்பா என்னைத் திட்டினார். காரணம் தெரிந்ததும் ஸ்பெயின்காரரையும் சேர்த்துத் திட்டினார். திட்டி முடித்துக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அப்பாவின் விரல் கட்டை அவிழ்த்தார்.

“அண்ணா, நெசமாலுமே போனா வருவீங்களா?”

“வர மாட்டேன். இன்னொருக்கா என்னால ஆகாதுடா. நீ எனக்குப் பொறகு போ.”

“செரிங்ணா,” என்றார் அப்பா.